அப்பாவின் 20, பெட்டியின் 84



பி.காம். படிக்கிறவனுக்கு பிசிக்ஸ் எதற்கு என்று கேட்காதீர்கள். இந்தக் கட்டுரைக்குக் காரணம் 800 ரூபாய்.

எங்கள் வீடு சிறுசேரியில். ஐ.டி. பார்க்கின் கண்ணாடிக் கட்டடங்கள் இருக்கும் பக்கம் இல்லை, ஊர்ப் பக்கம். அப்பா ஒரு டிராவல்ஸ் மூலமாக ஐ.டி. ஊழியர்களை ஏற்றி இறக்கும் வண்டி ஓட்டுகிறார். போன வருஷம் ஒரு மாதக் கடைசியில் அவருக்கு வந்த பட்டுவாடா சீட்டில் ஒரே தேதி, ஒரே டிரிப்புக்கு எதிரே இரண்டு பிடித்தம் இருந்தது.

தாமதம்: ரூ.300.
அதிவேகம் (84 கி.மீ./மணி): ரூ.500.

அப்பா சீட்டை என் முன்னால் போட்டுவிட்டுக் கேட்டார்: "ஏன்டா, காலேஜ்ல கணக்குதானே படிக்கிற? ஒரே டிரிப்புக்கு லேட்டுன்னும் பிடிக்கிறான், ஸ்பீடுன்னும் பிடிக்கிறான். ரெண்டுல ஒண்ணு பொய்யாத்தானே இருக்கணும்?"

அன்றைக்கு சிறுசேரியிலிருந்து மத்திய கைலாஷ் வரை 24 கிலோமீட்டர். ஆன நேரம் 1 மணி 12 நிமிஷம். வகுத்துப் பார்த்தால் மணிக்குச் சரியாக 20 கி.மீ. சைக்கிளில் கொஞ்சம் மிதித்தால் வரும் வேகம். "இருபதுல போனவன் எப்படிடா எண்பத்துநாலுல போனான்?" என்பது அவர் கேள்வி.

எனக்கு உடனே பதில் தெரியவில்லை. பதினொன்றாம் வகுப்பில் நான் காமர்ஸ் குரூப். சராசரி வேகம், உடனடி வேகம் என்று பக்கத்து வகுப்புப் பையன்கள் மனப்பாடம் செய்தது மட்டும் காதில் விழுந்திருக்கிறது. அப்புறம்தான் தேடிப் படித்தேன். படிக்கப் படிக்க, அப்பாவின் கேள்வி மனுஷன் பல நூறு வருஷம் முட்டி மோதிய கேள்வி என்று தெரிந்தது. அதில் ஒரு பகுதி நம்ம ஈ.சி.ஆர். ரோட்டின் கோடியில், புதுச்சேரியில் நடந்திருக்கிறது!

முதலில் அந்த 84

டிராவல்ஸ் ஆபீசில் கெஞ்சி அந்த டிரிப்பின் ஜி.பி.எஸ். பட்டியலை வாங்கினேன். வண்டிக்குள் இருக்கும் சின்னப் பெட்டி ஒன்று எப்போது எங்கே இருந்தோம் என்று எழுதிக்கொண்டே வருகிறது. அதை வைத்து நான் போட்ட கணக்கு:

முழுப் பயணம்: 24 கி.மீ., 72 நிமிஷம். மணிக்கு 20.
நாவலூரும் சோழிங்கநல்லூர் சிக்னலும் தின்ற முதல் 9 கி.மீ.: 42 நிமிஷம். மணிக்குச் சுமார் 13.
மீதி 15 கி.மீ.: 30 நிமிஷம். மணிக்கு 30.
அந்த 15-க்குள் ரோடு காலியாகக் கிடந்த 2 கி.மீ.: 110 நொடி. மணிக்குச் சுமார் 65.
அந்த 2 கி.மீ.க்குள் ஒரு 10 நொடி: 230 மீட்டர். மணிக்குச் சுமார் 83.
அதற்குள் ஒரே ஒரு நொடி: 84.

கவனியுங்கள், இதில் ஒரு எண்ணும் பொய் இல்லை. எல்லாமே தூரத்தை நேரத்தால் வகுத்தது. அளந்த துண்டுதான் சின்னதாகிக்கொண்டே போகிறது. நம் வகுப்பு நண்பர்களுக்கு நம் பாஷையில் சொல்வதென்றால், இது சராசரிச் செலவும் இறுதிநிலைச் செலவும் மாதிரி. ஆயிரம் பேனா செய்ய மொத்தம் எவ்வளவு ஆனது என்று வகுத்தால் சராசரிச் செலவு. ஆயிரத்தோராவது பேனாவுக்கு மட்டும் எவ்வளவு என்று கேட்டால் இறுதிநிலைச் செலவு. பொருளாதாரத்துக்குள் இந்தக் கணக்கை முறையாகக் கொண்டுவந்தவர்களில் முந்தியவர் 1838-ல் புத்தகம் எழுதிய பிரெஞ்சுக்காரர் கூர்னோ. அவர் கணிதம் படித்தவர். அதாவது நாம் கடன் வாங்கியதே வேகக் கணக்கைத்தான் :)

இடையில் ஒரு எச்சரிக்கை. சராசரி வேகத்தில் எல்லோரும் விழும் பள்ளம் ஒன்று உண்டு. 24 கி.மீ. போகும்போது மணிக்கு 24, அதே வழியில் திரும்பும்போது மணிக்கு 48 என்றால் சராசரி 36 என்றுதான் வாய் சொல்லும். தப்பு. போக 1 மணி, வர அரை மணி. மொத்தம் 48 கி.மீ., ஒன்றரை மணி நேரம். சராசரி 32. மெதுவாகப் போன பகுதி அதிக நேரம் எடுப்பதால் சராசரியைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது. நாவலூரில் போன நேரத்தைப் பெருங்குடியில் பிடிக்க முடியாததற்குக் காரணம் இதுதான்.

நாள்காட்டியில் இருக்கும் நிலா

இந்த இரண்டு வேகத்துக்கும் உள்ள வித்தியாசம் முதலில் யாருக்குத் தலைவலி கொடுத்தது? டிரைவர்களுக்கு இல்லை. பஞ்சாங்கம் கணித்தவர்களுக்கு.

வீட்டில் தொங்கும் தினசரி காலண்டரைப் பாருங்கள். "தசமி காலை 10.14 வரை" என்ற மாதிரி ஏதாவது போட்டிருக்கும். திதி என்பது நிலா சூரியனை விட்டு 12 பாகை விலக எடுக்கும் நேரம். நிலா ஒரே வேகத்தில் போனால் எல்லாத் திதியும் ஒரே நீளமாக இருக்கும். ஆனால் ஒரு திதி சுமார் 19 மணி நேரத்தில் முடிகிறது, இன்னொன்று 26 மணி வரை இழுக்கிறது. காரணம், நிலா பூமிக்குக் கிட்டே வரும்போது விரைகிறது, தள்ளிப் போகும்போது தளர்கிறது. சராசரியாக நாளொன்றுக்கு 13 பாகைக்குச் சற்று மேல். உண்மையில் 12-க்குச் சற்று கீழேயிருந்து 15-க்குச் சற்று மேல் வரை மாறிக்கொண்டே இருக்கும். சராசரியை மட்டும் நம்பித் திதி குறித்தால் மணிக்கணக்கில் தவறிவிடும். ஏகாதசி விரதம் இருப்பவர் கதி என்ன!

ஆகவே பழைய கணிதர்களுக்கு இரண்டு வேகமும் தேவைப்பட்டன. 932-ஐ ஒட்டி மஞ்சுளர் என்பவர் எழுதிய 'லகுமானசம்' நூலிலேயே கிரகத்தின் வேகம் மாறுவதற்குச் சூத்திரம் இருக்கிறது. அதைத் தெளிவாகப் பிரித்துச் சொன்னவர் இரண்டாம் பாஸ்கரர். 1114-ல் பிறந்தவர். 1150-ல், தன் 36-வது வயதில், 'சித்தாந்த சிரோமணி' எழுதினார். இன்றைய இடத்துக்கும் நாளைய இடத்துக்கும் உள்ள வித்தியாசத்தை நாளின் வேகம் என்று வைத்துக்கொள்வதை அவர் தோராயம் என்கிறார். நுட்பமானதற்குத் 'தாத்காலிக கதி' என்று பெயர் வைக்கிறார். தத்காலம் என்றால் அந்த நேரம். அந்த நேரத்து வேகம்!

எதை எப்போது பயன்படுத்த வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறார். திதி முடியும் நேரம் கிட்டத்தில் இருந்தால் தாத்காலிக கதி. தூரத்தில் இருந்தால் நாள் வேகம் போதும். நிலாவின் வேகம் பெரிது, அது கணத்துக்குக் கணம் ஒரே மாதிரி இருப்பதில்லை என்பது அவர் தரும் காரணம். எனக்கு இது ரொம்பப் பிடித்தது. இரண்டில் எது உண்மை என்று அவர் கேட்கவில்லை. எந்தக் கேள்விக்கு எது பதில் என்று கேட்கிறார். எத்தனை மணிக்கு வீடு போய்ச் சேருவோம் என்றால் சராசரி. எதிரே மாடு குறுக்கே வந்தால் என்ன ஆகும் என்றால் அந்த நேரத்து வேகம்.

மூங்கில் ஏறிய மாதவர்

நம் பக்கத்தில் வாக்கியப் பஞ்சாங்கம் என்ற ஒன்று இன்றும் அச்சாகிறது. அதன் அடிப்படையில் இருப்பவை வரருசி பெயரால் வழங்கும் 248 வாக்கியங்கள். எழுத்துக்கு எண் என்று வைத்து, நிலா ஒவ்வொரு நாளும் இருக்கும் இடத்தை மனப்பாட வாக்கியமாகக் கோத்திருக்கிறார்கள். ஏன் 248? நிலா விரைந்து, தளர்ந்து, மறுபடி விரைய ஆகும் காலம் சுமார் 27.55 நாள். ஒன்பது சுற்றுக்கு ஏறக்குறைய சரியாக 248 நாள். அதன் பிறகு பட்டியல் திரும்பவும் முதலிலிருந்து.

ஆக, வாக்கியம் என்பது நாளுக்கு ஒருமுறை எழுதும் ஜி.பி.எஸ். பட்டியல்தான். 24 மணி நேரத்துக்கு ஒரு புள்ளி.

14-ம் நூற்றாண்டில் கேரளத்தின் சங்கமகிராமத்து மாதவர் இதில் கை வைத்தார். வாக்கியங்களைத் திருத்தினார். அதோடு 'வேண்வாரோஹம்' என்ற நூலில் ஒரு நாளைக்கு ஒன்பது முறை, அதாவது 2 மணி 40 நிமிஷத்துக்கு ஒருமுறை, நிலாவின் இடத்தைச் சொல்லும் வழியைக் கொடுத்தார். வேண்வாரோஹம் என்றால் மூங்கில் ஏறுவது. கணுவுக்குக் கணு கால் வைத்து ஏறுகிற மாதிரி! துண்டைச் சின்னதாக்கினால் உண்மையான வேகத்துக்குக் கிட்டே போகலாம் என்பதை அவர்கள் வேலையாகவே செய்திருக்கிறார்கள்.

புதுச்சேரியில் சோழிகள்

இப்போது ஈ.சி.ஆர். எங்கள் ஊரிலிருந்து கேளம்பாக்கம், கோவளம் வந்து தெற்கே திரும்பினால் மாமல்லபுரம், அப்புறம் புதுச்சேரி. 200 வருஷத்துக்கு முன் அங்கே ஜான் வாரன் என்ற கர்னல் ஒரு பஞ்சாங்கக்காரரைச் சந்தித்தார். வாரன் சும்மா ஆள் இல்லை. மதராஸ் வானாய்வகத்தின் பொறுப்பில் சில காலம் இருந்தவர். நம்மவர்களின் காலக் கணக்கைப் பற்றி 'கால சங்கலித' என்ற பெரிய புத்தகம் எழுதி 1825-ல் மதராசில் வெளியிட்டார்.

அந்தப் பஞ்சாங்கக்காரரிடம் காகிதம் இல்லை, பேனா இல்லை. தரையில் சோழிகளை வைத்து, மனப்பாட வாக்கியங்களைச் சொல்லிக்கொண்டே, 1825 மே 31 - ஜூன் 1 இரவில் வரவிருந்த சந்திர கிரகணத்தைக் கணக்கிட்டுக் காட்டினார். தொடக்கத்தில் 4 நிமிஷம், நடுவில் 23 நிமிஷம், முடிவில் 52 நிமிஷம் பிசகு. கருவி எதுவும் கையில் இல்லாத ஒருவர், சோழியும் ஞாபகமும் மட்டும் வைத்துச் செய்தது! 1952-ல் ஓட்டோ நாய்கபவர் என்ற கணித வரலாற்று ஆய்வாளர் 'தமிழ் வானியல்' என்ற தலைப்பில் ஒரு கட்டுரையே எழுதி, இந்த முறையின் வேர்கள் எவ்வளவு பழையவை என்று ஆராய்ந்தார்.

அந்த மனிதருக்கு வானியல் கொள்கை எதுவும் புரியாது என்றும் வாரன் எழுதியிருக்கிறார். எனக்கு அது குறையாகத் தெரியவில்லை. என் அப்பாவுக்கும் ஸ்பீடாமீட்டருக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாது. வண்டியைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்ப்பார்.

அப்போ கால்குலஸை நாம்தான் கண்டுபிடித்தோமா?

இந்த இடத்தில் "பார்த்தீர்களா, நியூட்டனுக்கு முன்னாலேயே நாம்தான்!" என்று கை தூக்க ஆசையாகத்தான் இருக்கிறது. இந்தச் சண்டை ஏற்கெனவே நடந்து முடிந்திருக்கிறது. 1858-ல் காசி சமஸ்கிருதக் கல்லூரிப் பேராசிரியர் பாபுதேவ சாஸ்திரி, பாஸ்கரருக்கு வகை நுண்கணிதத்தின் அடிப்படை தெரிந்திருந்தது என்று எழுதினார். 1860-ல் லண்டனில் வில்லியம் ஸ்பாட்டிஸ்வுட் என்ற கணிதர் மறுத்தார். பாஸ்கரரின் முறை நுண்கணிதத்தோடு நன்றாகவே ஒத்துப்போகிறது என்று ஒப்புக்கொண்டார். ஆனால் நேரத் துண்டைச் சுருக்கிச் சுருக்கி எல்லைக்குக் கொண்டுபோவது என்ற எண்ணம் அங்கே வெளிப்படையாக இல்லை என்றார்.

இரண்டு பேர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது என்றுதான் எனக்குப் படுகிறது. பாஸ்கரருக்கு அந்த வேகம் கையில் இருந்தது, அதற்குப் பெயரும் இருந்தது. ஆனால் ஓடும் எந்தப் பொருளுக்கும் பொருந்தும் பொதுவான வழியாக அது ஆகவில்லை.

ஐரோப்பாவிலும் அது ஒரே நாளில் வரவில்லை. பறக்கும் அம்பு ஒரு கணத்தில் ஒரே இடத்தில்தானே இருக்கிறது, அப்படியென்றால் அது எப்போது நகர்கிறது என்று கிரேக்க ஜீனோ கேட்டது கி.மு. 5-ம் நூற்றாண்டில். 1335-ல் ஆக்ஸ்ஃபோர்டின் வில்லியம் ஹேட்ஸ்பரி ஒரு நல்ல வழி சொன்னார்: ஒரு கணத்தின் வேகம் என்பது, அதே வேகத்தில் மாறாமல் தொடர்ந்து போனால் எவ்வளவு தூரம் போவோமோ அது. அப்பாவின் 84-க்கும் இதே அர்த்தம்தான். அவர் 84 கி.மீ. போகவும் இல்லை, ஒரு மணி நேரம் ஓட்டவும் இல்லை. "இப்படியே போயிருந்தால்" என்பதுதான் அந்த எண்ணுக்குள் ஒளிந்திருக்கும் வார்த்தை.

அப்புறம் கலிலியோ சரிவுப் பலகையில் குண்டை உருட்டி, ஒழுகும் தண்ணீரை எடை போட்டு நேரம் அளந்தார். 1638-ல் புத்தகம் வந்தது. 1665-66-ல் நியூட்டன் மாறும் வேகங்களுக்குப் பொதுக் கணக்கு கண்டார். லைப்னிட்ஸ் தனியாகக் கண்டு 1684-ல் வெளியிட்டார். "பூஜ்யத்துக்குக் கிட்டே, ஆனால் பூஜ்யம் இல்லை" என்ற அந்த நேரத் துண்டை 1734-ல் பாதிரியார் பெர்க்லி பேய்க்கதை என்கிற மாதிரி கிண்டல் செய்தார். 1821-ல் கோஷி 'எல்லை' என்பதை ஒழுங்காக எழுதிய பிறகுதான் பேய் கொஞ்சம் அடங்கியது. ஜீனோவிலிருந்து கணக்குப் போட்டால் 2,200 வருஷத்துக்கு மேல். அப்பா ஒரே சாயங்காலத்தில் கேட்டதற்கு நான் தடுமாறியதில் தப்பில்லை!

போலீஸ் கையில் ஸ்டாப்வாட்ச்

இனி ரோட்டுக்கு வருவோம். 1865 சட்டப்படி இங்கிலாந்தில் தானே ஓடும் வண்டிக்கு வேக வரம்பு கிராமப்புறத்தில் மணிக்கு 4 மைல், ஊருக்குள் 2 மைல். முன்னால் ஒருவர் சிவப்புக் கொடியோடு நடக்க வேண்டும். 1896 ஜனவரியில் கென்ட் பகுதியில் வால்டர் ஆர்னால்டு என்பவர் மணிக்கு 8 மைலில், நம் கணக்கில் சுமார் 13 கி.மீ.யில், 'பறந்ததற்காக' பிடிபட்டார். அதே வேகம்தான் நாவலூரில் அப்பாவுக்கு வந்தது! அவரைச் சைக்கிளில் துரத்திப் பிடித்தார் ஒரு கான்ஸ்டபிள். வேகத்துக்கு அபராதம் 1 ஷில்லிங். அதே வருஷ நவம்பரில் வரம்பு 14 மைலாக உயர்ந்தது.

அடுத்து வந்த வருஷங்களில் அங்கே போலீஸ்காரர்கள் அளந்து குறித்த தூரத்தின் இரு முனையிலும் வேலிக்குப் பின்னால் ஸ்டாப்வாட்ச்சோடு ஒளிந்தார்கள். அது சராசரி வேகம்தான், சின்னத் தூரத்துக்கு. இந்தப் பொறிகளைப் பற்றி ஓட்டுநர்களை எச்சரிப்பதற்காகவே 1905-ல் ஒரு வாகன ஓட்டிகள் சங்கம் உருவானது. பிற்பாடு நெதர்லாந்தின் மாரிஸ் காட்சோனிடஸ் இரண்டு ரப்பர் குழாய்களை ரோட்டின் குறுக்கே போட்டு, சக்கரம் முதல் குழாயைத் தொட்டதும் கடிகாரம் ஓடி, இரண்டாவதைத் தொட்டதும் நிற்கிற மாதிரி செய்தார். வேடிக்கை என்னவென்றால் இவர் போலீஸ் இல்லை, 1953 மாண்டே கார்லோ ராலியை ஜெயித்த ரேஸ்காரர். வளைவுகளில் தன் வேகத்தைக் கூட்டுவதற்காகச் செய்த கருவி, ஊர் முழுக்க வேகத்தைக் குறைக்கப் பயன்பட்டது.

எல்லாமே துண்டு சுருங்கும் கதைதான். ஒரு விதிவிலக்கு, 1902-ல் ஜெர்மனியின் ஓட்டோ ஷூல்ட்ஸே காப்புரிமை பெற்ற ஸ்பீடாமீட்டர். சக்கரத்தோடு சேர்ந்து ஒரு கம்பி சுற்றுகிறது. அதன் முனையில் காந்தம். காந்தத்தைச் சுற்றி, அதைத் தொடாமல், ஒரு அலுமினியக் கிண்ணம். காந்தம் சுற்றினால் கிண்ணத்தில் மின்சுழல் உண்டாகி அதையும் இழுக்கும். ஒரு சுருள்வில் அதைத் திரும்ப இழுக்கும். இரண்டும் சமமாகும் இடத்தில் முள் நிற்கும். வேகம் கூடினால் இழுப்பு கூடும், முள் ஏறும். இதற்குள் கடிகாரம் இல்லை. வகுத்தலும் இல்லை. கோஷிக்கு எல்லை வேண்டியிருந்தது, இதற்கு ஒரு சுருள்வில் போதும். (முள்ளும் கிண்ணமும் நகரக் கொஞ்சம் நேரம் ஆகும் என்பதால் இதுவும் கறாராகப் பார்த்தால் ஒரு சின்ன சராசரிதான்.) இப்போதைய வண்டிகளில் சக்கரச் சுற்றை எண்ணும் சென்சார் வந்து, திரும்பவும் துண்டு நேரக் கணக்குக்கே போய்விட்டோம்.

சரி, அந்தக் கணத்தில் பிரேக் போட்டுத் தப்பிக்கும் ஆட்களை என்ன செய்வது? அதற்கு எதிர்த்திசையில் ஒரு யோசனை. 1990களின் கடைசியிலிருந்து பிரிட்டனில் சராசரி வேகக் கேமராக்கள் வந்தன. ஒரு கேமரா நம்பர் பிளேட்டைப் படிக்கும், சில கிலோமீட்டர் தள்ளி இன்னொன்று படிக்கும். தூரம் வகுத்தல் நேரம். சராசரி வரம்பை மீறினால், நடுவில் எங்கோ ஒரு கணத்திலாவது நிச்சயம் மீறியிருக்க வேண்டும். பன்னிரண்டாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் இதற்குப் பெயர் இடைமதிப்புத் தேற்றம். எங்கள் ஊர் சிப்காட்டுக்குள் 2005 முதல் இருக்கும் சென்னை கணிதவியல் நிறுவனத்தில் இதைப் பாலபாடம் என்பார்கள். ஆனால் இது ஒருவழிப் பாதை என்பதை மறக்கக்கூடாது. சராசரி அதிகம் என்றால் உடனடி வேகம் எங்கோ அதிகம். சராசரி குறைவு என்பதால் உடனடி வேகமும் குறைவாகவே இருந்தது என்று சொல்ல முடியாது. அப்பாவின் வாதம் உடைவது இங்கேதான். 20 என்பது 84-க்கு சாட்சியும் இல்லை, மறுப்பும் இல்லை.

சட்டத்துக்குத் தெரிந்திருக்கிறது

"அப்பா, ரெண்டும் உண்மைதான்பா" என்று சொன்னபோது அவர் முகம் சுண்டிப்போனது. என்னமோ நான் டிராவல்ஸ்காரர் பக்கம் சேர்ந்துவிட்ட மாதிரி. அப்புறம்தான் மோட்டார் வாகனச் சட்டத்தைப் புரட்டினேன். (வணிகச் சட்டம் நமக்குப் பாடம்தானே. இதையும் சேர்த்திருக்கலாம்.)

1988 சட்டத்தில் 112-வது பிரிவு வேக வரம்பைச் சொல்கிறது. 183-வது பிரிவு மீறினால் தண்டனை. 2019 திருத்தத்துக்குப் பிறகு இலகுரக வாகனத்துக்கு 1,000 முதல் 2,000 ரூபாய் வரை. அதே பிரிவு, ஒரே ஒரு சாட்சி "வேகமாகப் போனார் என்று நினைக்கிறேன்" என்று சொல்வதை மட்டும் வைத்துத் தண்டிக்கக்கூடாது, அது கருவியால் அளந்ததாக இருக்க வேண்டும் என்கிறது. இது அந்த நேரத்து வேகத்தைப் பற்றியது.

அதே 183-ல் யாரும் அதிகம் பேசாத ஒரு உட்பிரிவும் இருக்கிறது. இவ்வளவு நேரத்துக்குள் போய்ச் சேர வேண்டும் என்று ஒருவர் கால அட்டவணை போட்டாலோ உத்தரவிட்டாலோ, வேக வரம்பை மீறாமல் அந்த நேரத்தில் போவது அந்தச் சூழ்நிலையில் சாத்தியம் இல்லை என்று நீதிமன்றம் கருதினால், அட்டவணை போட்டவரே குற்றம் செய்தார் என்பதற்கு அது முதல்நிலைச் சான்று. படித்ததும் எனக்குக் கொஞ்ச நேரம் பேச்சே வரவில்லை. நேரக் கெடு என்பது சராசரி வேகத்தை உத்தரவிடுவது. வேக வரம்பு என்பது உடனடி வேகத்தைத் தடுப்பது. ஒருவர் கையிலிருந்து ஒன்றையும் இன்னொருவர் கையிலிருந்து மற்றதையும் வாங்கிக்கொண்டு நடுவில் நிற்பவர் டிரைவர். சட்டம் எழுதியவருக்கு இது தெரிந்திருக்கிறது.

அப்பாவுக்குக் கொடுத்த கெடு 24 கி.மீ.க்கு 60 நிமிஷம். காகிதத்தில் மணிக்கு 24தான், யாரும் அநியாயம் என்று சொல்ல மாட்டார்கள். மெட்ரோ வேலைக்குத் தடுப்பு வைத்துப் பாதியாகச் சுருங்கிய ரோட்டில், சாயங்காலம் ஏழரை மணிக்கு, அது வேறு விஷயம். இது அந்தச் சட்டப் பிரிவுக்குள் வருமா வராதா என்று சொல்ல நான் வக்கீல் இல்லை. அப்பா கேஸ் போடப்போவதும் இல்லை. வண்டிக்குத் தவணை இருக்கிறது.

அந்த 10 நொடி

ஆனால் அப்பாவிடம் நான் காட்டிய கடைசிக் கணக்கு டிராவல்ஸ்காரருக்கு இல்லை, அவருக்கு.

காலியாகக் கிடந்த அந்த 2 கி.மீ.யை அவர் 110 நொடியில் கடந்தார். அங்கே பெட்டியில் வைத்திருந்த வரம்பு 60. அதில் போயிருந்தால் 120 நொடி. 84 வரை மிதித்ததில் மிச்சமானது 10 நொடி. தாமதமோ 12 நிமிஷம். அடுத்த சிக்னலில் அந்த 10 நொடியும் போய்விட்டது.

மறுபக்கம், மோதினால் விழும் அடி வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 60-க்கும் 84-க்கும் விகிதம் 1.4. வர்க்கம் 1.96. ஏறக்குறைய இரண்டு மடங்கு அடி. அந்த ஒரு நொடியில் யாராவது குறுக்கே வந்திருந்தால், 72 நிமிஷத்துக்கும் சேர்த்துச் சராசரி 20தான் என்று உடம்புக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. அதற்குத் தெரிந்தது தாத்காலிக கதி மட்டும்தான்.

அப்பா சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வாரம் ஒருநாள் சாயங்காலம் காலி வண்டியில் என்னையும் ஏற்றிக்கொண்டு அதே வழியில் போனார். அதே காலி ரோடு வந்தது. முள் 55-ஐத் தாண்டவில்லை. பின்னால் ஒருவர் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார்.

"லேட்டுக்கு முந்நூறு, ஸ்பீடுக்கு ஐந்நூறு" என்றார் அப்பா, ரோட்டைப் பார்த்துக்கொண்டே. "இனிமே முந்நூறு மட்டும் கட்டுறேன். ஐந்நூறு லாபம். என்னடா, உன் காமர்ஸ் கணக்குப்படி சரியா?"

சரிதான் அப்பா. அந்த முந்நூறை ஏன் நீங்கள் கட்ட வேண்டும் என்பதற்குத்தான் என்னிடம் இன்னும் பதில் இல்லை.

பி.கு.: ஸ்பீடாமீட்டர் கிண்ணத்தைப் பார்க்க ஆசைப்படுபவர்கள் பழைய கேபிள் மீட்டர் வைத்த டூவீலரின் முன்சக்கரத்தைத் தூக்கிக் கையால் சுற்றிப் பாருங்கள். வண்டி ஒரு அடி நகராது, முள் மட்டும் ஏறும். (சில வண்டிகளில் கேபிள் பின்பக்கத்திலிருந்து வரும், அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.) நின்ற இடத்தில் வேகம்! ஜீனோ பார்த்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்.